வாந்திபேதியும் வங்காளத்து மூவரும்

இருபதாம் நூற்றாண்டில் இந்தியா ஈன்ற விஞ்ஞானிகள் யாவர் என்று ஒரு பள்ளி மாணவனை வினவினால், அவன் தயங்காமல் சர் சி. வி. இராமனைச் சொல்வான். ஜகதீச சந்திர போஸைச் சொல்வான். சற்று முனைந்து படித்தவனாயின் மேகநாத் சாஹாவையும் சத்யேந்திரநாத் போஸையும் ஹோமி பாபாவையும் சேர்த்துக் கொள்வான். பறவைகளின்பால் நாட்டமுடையவன் சாலிம் அலியை விட்டுவிட மாட்டான். இவர்கள் அனைவரும் போற்றுதலுக்கு உரியவர்களே. அதில் இரு கருத்துக்கு இடமில்லை. ஆனால், ஒரு கண்டுபிடிப்பினால் எத்தனை உயிர் பிழைத்தது என்பதையே அளவுகோலாகக் கொண்டு எண்ணப் புகுவோமாயின், அந்த மாணவன் சொல்லாத மூன்று பெயர்களை முன்வரிசையில் வைத்தாக வேண்டும். சம்புநாத் டே, ஹேமேந்திரநாத் சாட்டர்ஜி, திலீப் மஹலானபிஸ் என்பன அப்பெயர்கள். மூவரும் வங்காளிகள், மூவரும் மருத்துவர்கள், மூவரும் கல்கத்தாவில் இருந்துகொண்டு காலரா என்னும் ஒரே நோயுடன் மல்லாடியவர்கள்.

அவர்கள் கூடிப் பணியாற்றியவர்கள் அல்லர். ஒருவர் நோய் எவ்வாறு கொல்லுகிறது என்பதைக் கண்டார். மற்றொருவர் அதை எவ்வாறு தடுக்கலாம் என்று கூறினார். மூன்றாமவர் அவ்வாறு தடுத்துக் காட்டினார். முதலிருவர் கூறியதையும் உலகம் உரிய காலத்தில் செவிமடுக்கவில்லை. அந்தத் தாமதத்துக்கு விலையாகப் போனவை ஏழைகளின் உயிர்கள். ஆதலின் இது வெறும் புகழ் வரலாறாக அமைய இயலாது.

காலரா வங்காளத்தின் தாழ்நிலங்களில் நெடுங்காலம் குடிகொண்டிருந்த நோய். 1817ஆம் ஆண்டு ஜெஸ்ஸூர் மாவட்டத்தில் அது கொள்ளை நோயாகக் கிளம்பியது. சில ஆண்டுகளுக்குள் இந்தியா முழுவதும் பரவி, கடல் கடந்து அரபு நாட்டையும் பாரசீகத்தையும் கிழக்காசியாவையும் தொட்டது. பின்னர் அலையலையாக ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் சென்றது. 1865ஆம் ஆண்டு ஹஜ்ஜுக்குச் சென்ற பல்லாயிரவர் மக்கமா நகரில் இந்நோய்க்கு இரையாயினர். அங்கிருந்து அது எகிப்து வழியே ஐரோப்பாவை எட்டவே, வல்லரசுகள் மறு ஆண்டே கான்ஸ்டாண்டிநோபிளில் மாநாடு கூட்டின. நம் பாட்டனார் காலத்து ஹாஜிகள் செங்கடலில் உள்ள கமரான் தீவில் இறக்கப்பட்டு, நாள் கணக்கில் தடுத்து வைக்கப்பட்ட கதையை முதியோர் வாய்க் கேட்டவர்கள் இன்றும் இருக்கலாம். அந்தத் தடுப்பு முகாமுக்குப் பெரிதும் காரணம் காலராவே.

இந்நோயின் கொடுமை அதன் வேகத்தில் இருக்கிறது. காலையில் வயலுக்குப் போனவன் மாலையில் கபனுக்குள் இருப்பான். அரிசி கழுநீரைப் போன்ற வெளிறிய நீர், வலியின்றி, கட்டுக்கடங்காமல் வெளியேறும். கடும் நோயில் மணிக்கு ஒரு லிட்டர் வரையிலும் போய்விடும். கண் குழி விழும், தோல் சுருங்கும், குரல் கம்மும், நாடி விரலுக்கு அகப்படாது. ஆயினும் அறிவு மட்டும் கடைசி வரை தெளிவாக இருக்கும். தன் சாவைத் தானே கண்டுகொண்டு சாகும் நோய் இது.

உடம்பிலிருந்து போவது நீரும் உப்பும் என்பதை 1831-32ஆம் ஆண்டுகளிலேயே ஓர் இளம் மருத்துவர் இரத்தத்தைச் சோதித்துச் சொன்னார். அவர் வில்லியம் புரூக் ஓஷாக்னெஸி. இதே மனிதர் பின்னர் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக அமர்ந்து, அதன்பின் இந்தியாவில் தந்திக் கம்பி இழுத்தவர் என்பது ஒரு வேடிக்கை. அவருடைய கருத்தை ஏற்று ஸ்காட்லாந்தில் தாமஸ் லாட்டா என்பவர் 1832இல் நோயாளிகளின் இரத்தக் குழாய்க்குள் உப்புநீரை ஏற்றிச் சிலரைப் பிழைக்க வைத்தார். அதற்குப் பிறகு அம்முறை ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கைவிடப்பட்டுக் கிடந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லியோனார்டு ராஜர்ஸ் என்பவர் கல்கத்தாவில் அதைப் புதுப்பித்து, சாவுத் தொகையை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தார். காலராவின் கதையில் மறதி ஒரு தனிப் பாத்திரமாகவே வந்து போகிறது.

நோய்க்குக் காரணமான கிருமியை 1883ஆம் ஆண்டின் இறுதியில் கல்கத்தாவுக்கு வந்த ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் காக் கண்டறிந்தார். கிருமி குடலில் ஒரு நச்சைச் சுரக்கிறது, அந்த நச்சே நோயை விளைவிக்கிறது என்று 1884இல் அவர் ஊகித்தார். சரியான ஊகம். ஆனால் அந்த நச்சைக் கண்ணாற் கண்டவர் எவருமிலர். எழுபத்தைந்து ஆண்டுகள் உலகின் சிறந்த ஆய்வுக்கூடங்கள் அதைத் தேடின. செத்த கிருமிகளைப் பிழிந்தெடுத்து விலங்குகளின் இரத்தத்தில் ஏற்றினார்கள், வயிற்றறையில் செலுத்தினார்கள். விலங்குகள் செத்தன, ஆனால் காலராவால் சாகவில்லை. நோய் நடக்கும் இடம் குடல். தேடியவர்களோ குடலைத் தவிர மற்ற இடங்களிலேயே பெரிதும் தேடிக்கொண்டிருந்தார்கள்.

இந்தத் தவற்றைத் திருத்தியவர்தாம் சம்புநாத் டே.

டே 1915ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் ஹூக்ளி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், சிறு வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். வறிய குடும்பம். உதவித்தொகையே அவரைப் படிக்க வைத்தது. பள்ளிக் கல்விக்குப் பின் அவர் சேர்ந்தது, ஹூக்ளி முஹ்சின் கல்லூரி என்று இன்று அழைக்கப்படும் கல்லூரி. இப்பெயரைக் கண்டு வாசகர்கள் சற்றே நிமிர்ந்து உட்கார்வார்கள் என நினைக்கிறேன். ஆகவே ஒரு சிறு விலகல்.

ஹாஜி முஹம்மது முஹ்சின் ஹூக்ளியில் பிறந்தவர். திருமணம் செய்து கொள்ளாமல், பல நாடுகளையும் சுற்றி வந்த செல்வந்தர். தம் சகோதரி வழியாகத் தமக்கு வந்த பெருஞ்சொத்தை 1806ஆம் ஆண்டு வக்ஃபாக எழுதி வைத்தார், 1812இல் காலமானார். பொறுப்பேற்ற முதவல்லிகள் சொத்தைச் சரிவர நிர்வகிக்காமையால் அது அரசின் கைக்குச் சென்றது. திரண்டு நின்ற வருமானத்தைக் கொண்டு 1836இல் அக்கல்லூரி நிறுவப்பட்டது. வங்காள முஸ்லிம்களுக்கு அந்த நிதியால் விளைந்த பயன் மிகச் சொற்பம் என்ற குறை நெடுநாள் இருந்தது. 1873ஆம் ஆண்டுக்குப் பின்னரே முஸ்லிம் மாணவர்களின் கல்விக்கு அது திருப்பிவிடப்பட்டது. அந்தக் குறை நியாயமானதே. எனினும் ஒரு ஹாஜியின் வக்ஃபிலிருந்து எழுந்த கல்லூரியில் ஒரு வறிய இந்துச் சிறுவன் படித்தான் என்பதும், அவன் பின்னாளில் செய்த பணி ஹஜ்ஜுப் பயணிகளை வாட்டிய அதே நோயைப் பற்றியது என்பதும் எண்ணிப் பார்க்கத் தக்கவை.

டே 1939இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1947இல் லண்டன் சென்று, நோய்க்கூற்றியல் அறிஞர் சர் ராய் காமரூனிடம் பயின்று, 1949இல் டாக்டர் பட்டத்துடன் திரும்பினார். அங்கு அவர் ஆராய்ந்த பொருள் வேறு. காலராவை அவர் தேடிச் சென்றதாகச் சொல்வதைவிட, அது அவரைத் தேடி வந்தது என்பதே பொருந்தும். கல்கத்தாவின் நீல்ரதன் சர்க்கார் மருத்துவக் கல்லூரியில் அவர் பணியேற்ற போது, பருவந்தோறும் மருத்துவமனையை நிறைத்த நோய் அது. கண்முன் கிடந்ததை ஆராய்ந்தார். 1955 முதல் 1973இல் ஓய்வு பெறும் வரை கல்கத்தா மருத்துவக் கல்லூரியின் நோய்க்கூற்றியல் துறைத் தலைவராக இருந்தார்.

அவர் செய்த சோதனையை எவரும் புரிந்துகொள்ளலாம். வளர்ந்த முயலுக்குக் காலராக் கிருமியை வாய் வழியே புகட்டினால் அதற்கு நோய் வருவதில்லை. டே முயலை மயக்கி, வயிற்றைத் திறந்து, சிறுகுடலின் ஒரு துண்டை இரு முனைகளிலும் பட்டு நூலால் கட்டினார். குடலை வெட்டவில்லை; இரத்த ஓட்டத்தையும் தடுக்கவில்லை. அந்தக் கட்டுக்குள் உயிருள்ள கிருமி கலந்த நீரைச் சிறிதளவு செலுத்தி, வயிற்றைத் தைத்து விட்டார். பக்கத்தில் இன்னொரு துண்டையும் கட்டி, அதனுள் கிருமியற்ற நீரைச் செலுத்தினார். மறுநாள் திறந்து பார்த்தபோது, கிருமியற்ற துண்டு சுருங்கிக் கிடந்தது. கிருமி சென்ற துண்டோ பருத்து உப்பி, அரிசி கழுநீரைப் போன்ற நீரால் நிறைந்திருந்தது. மனிதனைக் கொல்லும் அதே நீர், ஒரு முயலின் குடலில், ஒரு சாண் நீளங்கூட இல்லாத கட்டுக்குள் ஊறியிருந்தது. டே தம் உதவியாளர் டி. என். சாட்டர்ஜியுடன் இதனை 1953இல் வெளியிட்டார்.

அடுத்த படியை அவர் 1959இல் எடுத்தார். கிருமிகள் வளர்ந்த நீரை நுண்ணிய வடிகட்டியில் வடித்து, ஒரு கிருமியும் எஞ்சாதபடி செய்து, அந்த வெறும் நீரை முயற்குடலின் கட்டுக்குள் செலுத்தினார். குடல் முன்போலவே நீரால் உப்பியது. கிருமியே இல்லாத நீர் காலராவை விளைவித்தது என்றால், காக் ஊகித்த நச்சு அதில் கரைந்திருக்கிறது என்பதைத் தவிர வேறென்ன பொருள்? அவ்வாண்டு மே மாதம் ‘நேச்சர்’ இதழில் இச்செய்தி ஒரு சிறு கட்டுரையாக வெளிவந்தது. அதே ஆண்டில் பம்பாய் ஹாஃப்கின் நிலையத்தில் என். கே. தத்தா முதலியோர் முயற்குட்டிகளைக் கொண்டு, வேறு வழியில், இதே முடிவை அடைந்தனர். எழுபத்தைந்து ஆண்டுத் தேட்டம் இரு இந்திய நகரங்களில் ஒரே ஆண்டில் முடிவுற்றது. விலையுயர்ந்த கருவி ஏதும் தேவைப்படவில்லை. முயலும், பட்டு நூலும், வடிகட்டியும், எங்கே தேட வேண்டும் என்ற தெளிவுமே தேவைப்பட்டன.

இங்கே ஒரு பழைய பிழையையும் சொல்லியாக வேண்டும். காலராவில் குடலின் உட்சவ்வு பிய்ந்து உரிந்து போகிறது என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து வந்த கொள்கை. பிணங்களை அறுத்துப் பார்த்தவர்கள், இறந்த பின் நேரும் சிதைவை நோயின் சிதைவாகக் கொண்டனர். பாங்காக்கில் பரவிய காலராவின்போது உயிருள்ள நோயாளிகளின் குடலிலிருந்து துணுக்கெடுத்துப் பார்த்த அமெரிக்கர் கங்கரோஸா, சவ்வு பழுதின்றி இருப்பதை 1960இல் எடுத்துக் காட்டினார். இப்பிழையின் கேடு கல்விக்கூடத்தோடு நிற்கவில்லை. சவ்வே உரிந்துபோன குடல் நீரை உறிஞ்சாது. ஆகவே நோயாளிக்குக் குடிக்க எதையும் கொடுத்துப் பயனில்லை. குடலுக்கு ஓய்வு கொடு. இரத்தக் குழாயில் மட்டும் நீர் ஏற்று. இதுவே மருத்துவர்களின் வேதமாக இருந்தது. இரத்தக் குழாயில் ஏற்றுவதற்குத் தூய உப்புநீர் வேண்டும், ஊசி வேண்டும், குழாய் வேண்டும், பயின்ற கை வேண்டும். இவை கல்கத்தாவின் பெரிய மருத்துவமனைகளிலேயே போதிய அளவு இல்லை. கிராமத்தில் எங்கிருந்து வரும்?

இந்த வேதத்தை முதலில் மீறியவர் ஹேமேந்திரநாத் சாட்டர்ஜி. டேயின் முதற் கட்டுரை வந்த அதே 1953ஆம் ஆண்டு நவம்பர் மாதம், லண்டன் ‘லான்செட்’ இதழில் அவருடைய கட்டுரை வெளிவந்தது. நோய் முற்றாத 186 காலரா நோயாளிகளுக்கு வாய் வழியே நீர் புகட்டி நலமாக்கியதை அதில் விவரித்தார். ஒரு லிட்டர் நீரில் 4 கிராம் உப்பும் 25 கிராம் குளுகோஸும் கலந்த கரைசல் அது. வாந்தியை அடக்க ஒரு மாத்திரையும், பேதியைக் கட்டுப்படுத்த ஓர் இலைச்சாறும் கொடுத்தார். அந்த இலை வேறொன்றுமன்று. நம் வீட்டுக் கொல்லையில் குழந்தைகளின் சளிக்கும் இருமலுக்கும் பறித்துக் கொடுக்கிறோமே, அந்தக் கற்பூரவல்லிதான்.

உலகின் பெயர் பெற்ற மருத்துவ இதழ்; நூற்றெண்பத்தாறு நோயாளிகள்; ஒவ்வொரு சமையலறையிலும் கிடைக்கும் உப்பு. ஆயினும் எவரும் அசையவில்லை. சாட்டர்ஜியின் ஆய்வில் குறை இல்லாமலில்லை. எவ்வளவு நீர் உட்சென்றது, எவ்வளவு வெளியேறியது என்ற கணக்கு அதில் இல்லை. ஒப்பிடுவதற்கு வேறொரு நோயாளர் குழுவும் இல்லை. ஆராய்ச்சியாளர்கள் இவற்றைக் காரணம் காட்டுவர். குறையுள்ள ஆய்வைக் கண்டால் அதைக் குறையின்றி மீண்டும் செய்து பார்ப்பதல்லவா ஆராய்ச்சியாளரின் கடமை? மேலைநாட்டுப் பேராசிரியர்கள் அதனைச் செய்யவில்லை; அதைவிட வருந்தத் தக்கது, கல்கத்தாவிலிருந்த நம்மவரும் செய்யவில்லை. ஒரே நகரில், ஒரே ஆண்டில், நோயின் இயல்பும் அதன் மருந்தும் அச்சேறின. இரண்டையும் இணைத்துப் பார்க்க ஒருவரும் முன்வரவில்லை.

சாட்டர்ஜியின் கரைசல் ஏன் பலித்தது என்பதற்குரிய விடை 1960இல் கிடைத்தது. ராபர்ட் கிரேன் என்பவர் பிராக் நகரக் கூட்டமொன்றில், குடலின் உயிரணுக்களில் ஒரு தனி வாயில் உண்டென்றும், அதன் வழியே சர்க்கரையும் உப்பும் கைகோத்துக்கொண்டுதான் உள்ளே செல்கின்றன என்றும் விளக்கினார். உப்பு போகும் இடத்துக்கு நீர் பின்தொடரும். காலரா நச்சு உயிரணுவைத் தூண்டிவிட்டு நீரை வெளியே இறைக்கச் செய்கிறது. ஆனால் இந்த வாயிலை அது அடைப்பதில்லை. வெறும் நீரைக் குடித்தால் வந்த வழியே போய்விடும். உப்புநீரைக் குடித்தாலும் அப்படியே. சிறிது சர்க்கரை கூடினால் வாயில் திறக்கிறது. ஒரு புறம் இறைத்துக்கொண்டிருக்கும் போதே மறுபுறம் நிரப்பிக் கொள்ளலாம். சில நாளில் நோய் தானே அடங்கிவிடும்.

கணக்குப் பிசகாத ஆய்வு இறுதியில் டாக்காவில் நடந்தது. டேவிட் நாலின், ரிச்சர்டு காஷ் என்ற இரு இளம் அமெரிக்கர்களும், ரஃபீக்குல் இஸ்லாம், மஜீத் மொல்லா ஆகிய வங்காள மருத்துவர்களும் சேர்ந்து நடத்திய அந்த ஆய்வு 1968இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. சாட்டர்ஜிக்கும் இதற்கும் இடையே பதினைந்து ஆண்டுகள். அப்பதினைந்து ஆண்டுகளில் வங்காளத்தில் மட்டும் எத்தனை குழிகள் தோண்டப்பட்டன என்பதற்குக் கணக்கில்லை. டாக்கா ஆய்வின் பிறகும், இம்முறை மருத்துவமனைக்குள், தேர்ந்த மருத்துவரின் கண்காணிப்பில் மட்டுமே செல்லும் என்றே பலரும் கருதினர். தாய்மார் கையில் அதைக் கொடுப்பதா? அளவு தவறிவிடாதா?

1971ஆம் ஆண்டு அதற்கு விடை கூறியது. கிழக்குப் பாகிஸ்தானில் இராணுவத்தின் அடக்குமுறைக்கு அஞ்சி, ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் எல்லை தாண்டி இந்தியாவுக்குள் வந்தனர். மழைக்காலம். திறந்தவெளி முகாம்கள். குடிநீருக்கும் கழிநீருக்கும் வேறுபாடற்ற நிலை. காலரா காட்டுத் தீயாய்ப் பரவியது. கல்கத்தாவிலிருந்து ஜெஸ்ஸூர் சாலை வழியே சென்றால் எல்லையோரம் போங்காவ் என்ற சிறு பட்டணம் வரும். அங்கிருந்த சிறிய அரசு மருத்துவமனைக்கு ஜூன் இறுதியில் போய்ச் சேர்ந்தார் திலீப் மஹலானபிஸ். நாட்டுப் பிரிவினை வரை அந்தப் போங்காவ், ஜெஸ்ஸூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. 1817இல் கொள்ளை நோய் கிளம்பிய அதே மாவட்டம்.

மஹலானபிஸ் 1934இல் கிழக்கு வங்காளத்துக் கிஷோர்கஞ்சில் பிறந்தவர். கல்கத்தாவில் மருத்துவம் பயின்று, லண்டன் குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றிவிட்டு, 1966இல் தாயகம் திரும்பி, கல்கத்தாவிலிருந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக் கழக ஆய்வு மையத்தில் சேர்ந்திருந்தார். போங்காவில் அவர் கண்ட காட்சியைப் பிற்காலத்தில் பலமுறை விவரித்திருக்கிறார். இரண்டு அறைகளில் பதினாறு கட்டில்கள். நோயாளிகளோ தரை முழுவதும் கிடந்தனர். இரத்தக் குழாயில் நீரேற்ற வேண்டுமானால் மலத்திலும் வாந்தியிலும் மண்டியிட்டுக் கொண்டுதான் ஏற்ற வேண்டும். இரு நாட்களுக்குள் ஏற்றுவதற்கு உரிய நீர் தீர்ந்துவரத் தொடங்கியது. ஊசி போடப் பயின்றவர்களும் அவருடன் சிலரே. போரில் தோற்றுக்கொண்டிருக்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

அப்போது அவர் எடுத்த முடிவு எளிதன்று. நூல்கள் அனைத்தும் தடுக்கின்ற ஒன்றை, கண்காணிக்க ஆளில்லாத இடத்தில், ஆயிரக் கணக்கானோரிடம் செய்து பார்ப்பது. பலிக்காவிட்டால் பழி முழுவதும் அவரையே சாரும். ஒரு லிட்டருக்கு 22 கிராம் குளுகோஸ், 3.5 கிராம் சாதாரண உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா. கல்கத்தாவிலிருந்த அவர்களுடைய ஆய்வு மையத்தின் நூலக அறையே பொட்டலம் கட்டும் பட்டறையாயிற்று. நிறுத்து, பாலிதீன் உறைகளில் இட்டு, சூடேற்றிய இரும்பால் வாயை ஒட்டி, போங்காவுக்கு அனுப்பினர். ஒரு லிட்டருக்கு ஆன செலவு 11 காசு. பெரிய பீப்பாய்களில் கரைத்து, அடியில் குழாய் பொருத்தி வைத்தார்கள். நோயாளியின் தாயோ, மனைவியோ, அண்ணனோ, யார் உடனிருந்தாரோ அவரே குவளையில் பிடித்துப் புகட்ட வேண்டியது. அதற்கு ‘வாய்வழி சலைன்’ என்று பெயரிட்டார் மஹலானபிஸ். ‘சலைன்’ என்றால் ஊசியில் ஏறும் உயர்ந்த மருந்து என்று மக்கள் அறிந்திருந்தனர். வெறும் உப்பும் சர்க்கரையும் என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டார்கள். மருத்துவனுக்கு மனிதரைப் படிக்கவும் தெரிய வேண்டும்.

அறிவு மயங்கும் நிலையில் வந்தவர்களுக்கு முதலில் ஊசி வழியே நீரேற்றி, தெளிந்ததும் குவளைக்கு மாற்றினார்கள். எட்டு வாரங்களில் 3,700க்கும் மேற்பட்டோர் இவ்வாறு சிகிச்சை பெற்றனர். அதற்கு முன்பு நூற்றுக்கு முப்பது பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில், சாவு நூற்றுக்கு 3.6 ஆகக் குறைந்தது. அளவு தவறிவிடும் என்று அஞ்சப்பட்ட தாய்மாரே இதைச் சாதித்தவர்கள். தாகம் இருக்கும் வரை குடி என்பதைவிட நுட்பமான அளவு அவர்களுக்குத் தேவைப்படவில்லை. வங்க தேசத்தார் மறைவாக நடத்திய வானொலி இக்கரைசலின் செய்முறையை ஒலிபரப்பியது.

இதற்கும் உலகம் உடனே தலையசைக்கவில்லை. மஹலானபிஸின் கட்டுரை முதலில் திருப்பி அனுப்பப்பட்டது. 1973இல்தான் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவ இதழில் வெளிவந்தது. ஆனால் இம்முறை ஒரு நல்ல சாட்சி வாய்த்திருந்தார். உலக சுகாதார நிறுவனத்தில் பாக்டீரியா நோய்ப் பிரிவின் பொறுப்பிலிருந்த தீமன் பருவா போங்காவுக்கே வந்து நேரில் கண்டவர். அவருடைய விடாமுயற்சியால் அந்நிறுவனம் 1978இல் பேதி நோய்த் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கி, இக்கரைசலை நாடு நாடாகக் கொண்டு சென்றது. அந்நூற்றாண்டின் தலையாய மருத்துவ முன்னேற்றமாக இது அமையக்கூடும் என்று அதே ஆண்டு எழுதியது ‘லான்செட்’. 1953இல் சாட்டர்ஜியின் கட்டுரையை அச்சிட்டதும் அதே இதழ்தான்!

வங்க தேசத்தில் ‘பிராக்’ என்னும் தொண்டு நிறுவனம் 1980 முதல் வீடு வீடாகப் பெண்களை அனுப்பி, மூன்று விரல் அள்ளும் உப்பும் ஒரு கைப்பிடி வெல்லமும் அரை லிட்டர் நீரில் கரைக்கும் முறையைக் கற்பித்தது. பத்தாண்டுகளில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு அவர்கள் சென்றனர். சர்க்கரைக்குப் பதில் அரிசி மாவைக் காய்ச்சிக் கரைக்கும் முறையும் வங்காளத்தில் ஆராயப்பட்டது. கஞ்சியில் உப்பிட்டுக் கொடுத்த நம் பாட்டிமார் அறியாத ஒன்றை அது சொல்லவில்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இராமகிருஷ்ணா குழுவினர், எளிதில் செரியாத மாவுப்பொருளைக் கரைசலில் சேர்த்தால் காலராவில் நீரிழப்பு மேலும் குறைவதை 2000ஆம் ஆண்டில் எடுத்துக் காட்டினர். காலராவுக்கு மட்டுமின்றி, குழந்தைகளைக் கொல்லும் எல்லா வகைப் பேதிக்கும் இன்று இதுவே முதல் மருந்து. இதனால் பிழைத்தவர் தொகை ஐந்து கோடிக்கும் மேலென மதிப்பிடுவோர் உண்டு.

இனி டேயிடம் திரும்புவோம். 1959க்குப் பின் சில ஆண்டுகள் அவருடைய கட்டுரையைச் சீந்துவாரில்லை. பின்னர் உலகெங்கும் ஆய்வாளர்கள் முயற்குடலைக் கட்டத் தொடங்கினர். 1969இல் அமெரிக்காவில் பிங்கெல்ஸ்டீனும் லோஸ்பலூட்டோவும் நச்சைத் தூய நிலையில் பிரித்தெடுத்தனர். கண்டவர் கல்கத்தாவில் மாணவர்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்ற பின்னும் போஸ் ஆய்வு நிலையத்துக்குச் சென்று, கிடைத்த வசதியைக் கொண்டு ஆராய்ந்துவந்தார். 1978இல் நோபல் நிறுவனத்தார் காலரா பற்றி நடத்திய கருத்தரங்குக்கு அவரை ஸ்டாக்ஹோமுக்கு அழைத்தனர். அறுபதுகளின் தொடக்கத்திலேயே தாம் செத்துவிட்டதாகவும், இந்தக் கருத்தரங்கம் தம்மைத் தோண்டி எடுத்து மீண்டும் உயிர் பெறச் செய்கிறது என்றும் அங்கே அவர் சொன்னார். நோபல் பரிசு பெற்ற ஜோஷுவா லெடர்பர்க் அப்பரிசுக்கு அவர் பெயரை ஒருமுறைக்கு மேல் பரிந்துரைத்தார். பரிசு வரவில்லை. அது பெரிதன்று, வராதவர் பலர். இந்திய விஞ்ஞானக் கழகங்கள் ஒன்றுகூட அவரைத் தம் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கவில்லை என்பதும், நாட்டின் பெரிய விருது ஒன்றும் அவருக்கு வழங்கப்படவில்லை என்பதுமே நாம் தலைகுனிய வேண்டிய செய்தி. 1985 ஏப்ரல் 15ஆம் நாள் அவர் மறைந்தார். பெங்களூரிலிருந்து வரும் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழ் 1990இல் அவருக்கென ஒரு சிறப்பிதழ் வெளியிட்டு, அப்பிழையை ஒப்புக்கொண்டது.

மஹலானபிஸுக்கு 2002இல் அமெரிக்காவின் பாலின் பரிசும், 2006இல் தாய்லாந்து மன்னர் குடும்பத்தின் மஹிடோல் விருதும் கிடைத்தன. தம் சேமிப்பிலிருந்து ஒரு கோடி ரூபாயைத் தாம் முன்பு பணியாற்றிய கல்கத்தா குழந்தைகள் மருத்துவ நிலையத்துக்கு அவர் கொடுத்தார். 2022 அக்டோபர் 16ஆம் நாள், 87ஆம் வயதில் காலமானார். இந்திய அரசு அவருக்குப் பத்ம விபூஷண் விருதை அறிவித்தது 2023 ஜனவரியில்.